காலையில் ஆளில்லாமல் உறுமும் கார்: சட்டம் எதுவரை உதவும்?

சென்னைப் புறநகரில் 12 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முதல் மாடியில், கார் நிறுத்தும் ஸ்டில்ட் பகுதிக்கு நேர் மேலே அவர் வீடு. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இரண்டாம் மாடிக்காரரின் கார் நிற்கிறது. 2013-ல் வாங்கிய டீசல் வண்டி. வேலைநாள்களில் காலை 6.20-க்கு அவர்களுடைய டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பி, ஏ.சி.யைப் போட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு டீ குடிக்கப் போய்விடுகிறார். 6.45 வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நாள்களில் அந்த வீட்டு நான்கு வயதுப் பையனைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, மறந்துபோன பையை எடுக்க அவன் அம்மாவும் மேலே போய்விடுகிறார். வாசகியின் ஏழு வயது மகளுக்கு வீசிங் உண்டு. மாமனாருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

இரண்டு முறை பேசிப் பார்த்திருக்கிறார். “டீசல் வண்டிம்மா, கால்மணி நேரமாவது சூடேறணும், இல்லேன்னா எஞ்சின் போயிடும்” என்பது வண்டிக்காரரின் பதில். “ஏர் ஏறணும்” என்றாராம் டிரைவர். “அவர் இடம், அவர் வண்டி, நாம என்ன சொல்ல முடியும்?” என்று அசோசியேஷன் செயலாளர் ஒதுங்கிக்கொண்டார். சிங்கப்பூரில் இருக்கும் வாசகியின் அண்ணனோ, “இது குற்றம், அபராதம் போடுவாங்க, போலீஸுக்குப் போ” என்கிறார். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டி சாலையில் ஓடவே கூடாதாமே என்றும் வாசகி கேட்கிறார். வீடியோவைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, ஒருநாள் கீழே இறங்கித் தானே எஞ்சினை அணைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறார். ஒன்பது வருஷப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கணவர் தடுக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்பது அதிகப்படியானது இல்லை. மூச்சுக்குத் திணறும் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் தினமும் 25 நிமிடம் டீசல் புகை வருவதை எந்தத் தாயும் பொறுக்க மாட்டாள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே ‘சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறோமோ’ என்ற தயக்கம் வேண்டாம். ஆனால் நீங்கள் முதலில் தட்ட நினைக்கும் கதவு காவல் நிலையம். இந்த விஷயத்தில் மிகவும் பலவீனமான கதவு அதுதான். உங்களுக்கு உண்மையில் வலுவுள்ள இடம் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

சூடேற வேண்டும் என்பது எவ்வளவு உண்மை?

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வண்டியைக் காப்பாற்றுவதாக நம்பிச் செய்கிறார். அந்த நம்பிக்கை கார்புரேட்டர் காலத்திலிருந்து வந்தது. சோக்கை இழுத்துக் கிளப்பி, எஞ்சின் நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய வண்டிகள் அன்று இருந்தன. இன்றைய டீசல் காரில் எரிபொருள் அளவைக் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆயில் மேலே ஏறி டர்போவுக்குப் போய்ச் சேர அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் போதும். அதன்பின் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை வேகம் ஏற்றாமல் மெதுவாக ஓட்டினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சூடேறும். நம் ஊரில் மார்கழிக் காலையிலும் 20 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. 15 நிமிடக் காத்திருப்புக்கு இங்கே காரணமே இல்லை.

நின்ற இடத்தில் ஓடும் டீசல் எஞ்சின் எளிதில் சூடேறுவதும் இல்லை. சுமையில்லாமல் ஓடும்போது அது எரிக்கும் டீசல் மிகக் குறைவு. எரிதல் முழுமையாக நடக்காமல் கரி படிகிறது, எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பெட்டி நன்றாக வேலை செய்ய 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். இப்படி நின்றபடி ஓடும்போது வரும் டீசல் புகைக்கு அந்தச் சூடு கிடையாது. அதாவது, உங்கள் ஜன்னலுக்கு வருவது அந்த வண்டி நாள் முழுவதும் விடும் புகையிலேயே சுத்தம் குறைந்த பகுதி.

டிரைவர் சொன்ன ‘ஏர் ஏறணும்’ என்பது லாரி, பஸ் ஓட்டுபவர்களின் பழக்கம். அவற்றில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவில் இறங்கிய அழுத்தம் மறுபடி ஏறும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. காரில் ஏர் பிரேக் இல்லை. அவர் முன்பு கனரக வண்டி ஓட்டியிருக்கலாம். அவரைக் குறை சொல்லாமல் இதை எடுத்துச் சொல்ல முடியும்.

உடனே எடுத்தால் வண்டி அணைந்துவிடுகிறது, வெள்ளைப் புகை வருகிறது என்று அவர்கள் சொன்னால், வண்டியில் கோளாறு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஹீட்டர் ப்ளக், பேட்டரி, இன்ஜெக்டர் இந்த மூன்றில் ஒன்று. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்குமுன் அடித்தால் வெள்ளைப் புகை வரத்தான் செய்யும். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டரையும், நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறதா என்பதையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் சொல்லலாம். ஏ.சி.யோடு நிற்கும் கார் மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினம் 25 நிமிடம், மாதம் 22 நாள் என்றால் ஏறக்குறைய ஏழு முதல் ஒன்பது லிட்டர் வரை நின்ற இடத்திலேயே போகிறது.

அண்ணன் சொன்ன சட்டம்

சிங்கப்பூரில் நின்றிருக்கும் வண்டியின் எஞ்சினைக் காரணமில்லாமல் ஓடவிடுவதே குற்றம் என்பது உண்மை. இந்தியாவில் அப்படி நேரடியான பொதுவிதி இல்லை. நெருங்கி வருவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு: உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாவிட்டால், எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். கேட்கும்போது உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் அது ‘பொது இடத்துக்கு’ மட்டுமே பொருந்தும். பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடமே அந்தச் சட்டத்தில் பொது இடம். கேட்டுக்குள் இருக்கும் உங்கள் ஸ்டில்ட் அதில் சேர்வது கடினம். வண்டியைத் தெருவில் நிறுத்தி ஆளில்லாமல் ஓடவிட்டால் பிரிவு நேராகப் பொருந்தும். அபராதம் 177-ஆம் பிரிவின்படி முதல்முறை 500 ரூபாய், அடுத்தமுறை 1,500 வரை.

பத்து ஆண்டு டீசல் தடை டெல்லி தலைநகர் வட்டாரத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவிலிருந்து வந்தது. இங்கே அது இல்லை. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

புகைச் சான்றிதழ் காலாவதியா என்பதை எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பி.எஸ்.-4 என்ற புகைத் தரத்தில் வந்த வண்டிக்கு ஓராண்டு, அதற்கு முந்தியதற்கு ஆறு மாதம் செல்லும். சான்று இல்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதலாம். ஆனால் சான்று இருந்துவிட்டால் உங்கள் வாதம் தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள். அந்தச் சோதனை சூடேறிய எஞ்சினைச் சில முறை முடுக்கி, புகையின் அடர்த்தியைப் பார்ப்பது. குளிர்ந்த எஞ்சின் மூடிய கூரைக்குக் கீழே 25 நிமிடம் நின்று ஓடலாம் என்று அது அனுமதி தருவதில்லை.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் காத்திருப்பதில் பயன் குறைவு. 1981 காற்றுச் சட்டமே வாகனப் புகையைப் பதிவு அதிகாரிகளின் பொறுப்பில்தான் விடுகிறது. மனு கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

காவல் நிலையத்தில் பேசக்கூடியது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆம் பிரிவு, அதாவது உடல்நலத்துக்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பது. தண்டனை 1,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. நீதித்துறை நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக் குற்றம் அது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி அனுப்புவார்கள். அந்த ஒரு காலைப்பொழுதுக்காக ஒன்பது வருஷ உறவு போகும், அடுத்த வாரம் எஞ்சின் மறுபடி ஓடும். பேச்சும் அசோசியேஷனும் தோற்ற பிறகு வேண்டுமானால் அங்கே போகலாம்.

செயலாளர் சொன்னது தவறு

‘அவர் இடம், அவர் வண்டி’ என்பது சட்டமில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டம் சார்ந்த ஒரு வழக்கில், ஸ்டில்ட் கார் நிறுத்துமிடம் கட்டடத்தின் பொதுப் பகுதி, கட்டியவர் அதைத் தனியாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் பத்திரத்தில் அந்த இடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பல பத்திரங்களில் அது ‘பயன்படுத்தும் உரிமை’ மட்டுமே. முழுக்க அவர் சொத்தாகவே இருந்தாலும், தன் இடத்தைப் பயன்படுத்தும் விதத்தால் அடுத்தவர் வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாமல் செய்வது உரிமையியல் சட்டத்தில் தொல்லை எனப்படும். அதற்குத் தடையாணை கேட்கலாம்.

செயலாளருக்கு வாய்மொழியாக இனிமேல் எதுவும் சொல்லாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ‘அந்த வீட்டாரைக் கண்டியுங்கள்’ என்று கேட்காதீர்கள், எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு விதியைக் கேளுங்கள். செயலாளருக்கும் அது சங்கடமில்லாத வழி. வாசகம் இப்படி இருக்கலாம்: “ஸ்டில்ட் பகுதியில் ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாமல் எந்த வாகனத்தின் எஞ்சினும் ஓடக் கூடாது. கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் வண்டி நகர வேண்டும். ரிமோட்டில் முன்கூட்டியே கிளப்புவதற்கும் இது பொருந்தும். ஓடும் வண்டியில் குழந்தைகளைத் தனியாக விடக் கூடாது.” நிர்வாகக் குழு ஏற்காவிட்டால் பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேளுங்கள். உங்கள் பக்கவாட்டு வீட்டிலும் முதியவரோ குழந்தையோ இருப்பார்கள். மூன்று நான்கு வீட்டுக் கையெழுத்து இருந்தால் பேச்சே மாறும். அபராதம் போட உங்கள் சங்கத் துணைவிதியில் அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அபராதத்தைப் பற்றிப் பேசுங்கள். இல்லாத அதிகாரத்தில் போட்ட அபராதம் அவர்களுக்குத்தான் வாதமாகும்.

கடிதத்துக்கு முன் ஒரு பேச்சு

இதற்குமுன் ‘புகை வருது’ என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அவர் ‘எஞ்சின் போயிடும்’ என்றார், பேச்சு நின்றது. இந்த முறை அந்தச் சிறுவனிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பதற்றம் தந்த வரி அதுதான். சாவி போட்டு ஓடும் வண்டியில் தனியாக இருக்கும் நான்கு வயதுப் பிள்ளை முன்சீட்டுக்குத் தாவி ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க முடியும். சரிவில் நிற்கும் வண்டி அதுபோக்கில் உருளும். தலையை வெளியே நீட்டிக்கொண்டு பவர் விண்டோ பட்டனை மிதித்தால் கழுத்து சிக்கும். இதைத் தவிர, சாவியோடு விட்ட வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் பாலிசியின் ‘நியாயமான பாதுகாப்பு’ நிபந்தனையைக் காட்டி இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ முயலும்.

டிரைவர் இல்லாத நேரத்தில், கணவன் மனைவி இருவரும் இருக்கும்போது, உங்கள் கணவரோடு போங்கள். “அண்ணா, நேத்து தம்பி வண்டியில தனியா இருந்தான், எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. பார்த்ததும் எனக்குப் பதறிடுச்சு” என்று ஆரம்பிக்கலாம். பிறகு மூன்றே விஷயம் கேளுங்கள். எல்லாரும் ஏறிய பிறகு வண்டியைக் கிளப்ப வேண்டும். ஒரு நிமிடத்தில் நகர வேண்டும். மூன்றாவது, இரவில் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். இப்போது பின்பக்கமாக உள்ளே விடுவதால் சைலன்ஸர் உங்கள் ஜன்னலுக்குக் கீழுள்ள சுவரைப் பார்த்து ஊதுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கமாக உள்ளே விட்டால் புகை திறந்த பக்கம் போகும். காசு செலவில்லாத, நாளைக்கே செய்யக்கூடிய மாற்றம் இது. இது மட்டுமே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடலாம். காலையில் வண்டி குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை என்றால், கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு ஏ.சி. போட்டால் நின்றுகொண்டு குளிர்விப்பதைவிட விரைவில் குளிரும்.

டிரைவர் மேல் பழியைப் போட வேண்டாம். சொன்னதைச் செய்பவர் அவர். உங்கள் புகாரால் அவர் வேலை போனால் அந்த வருத்தம் உங்களுக்குத்தான் மிஞ்சும்.

ஆதாரம் சேர்ப்பது

பேச்சு நடக்கும் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள்: தேதி, கிளப்பிய நேரம், நகர்ந்த நேரம், ஓட்டுநர் இருக்கையில் ஆள் உண்டா, மகளுக்கு அன்று இன்ஹேலரோ நெபுலைஸரோ தேவைப்பட்டதா. 14 நாள் விடாமல் எழுதிய குறிப்புக்கு மதிப்பு அதிகம். வீடியோவை உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே எடுங்கள். வண்டி எண், காலியான இருக்கை, எஞ்சின் சத்தம் பதிந்தால் போதும், குழந்தையின் முகம் வேண்டாம். எடுத்த போனிலேயே மூலப் பதிவை வைத்திருங்கள். பின்னால் நீதிமன்றத்தில் காட்ட நேர்ந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். மருத்துவரிடம் ‘புகையால் மூச்சிரைப்பு கூடுகிறது’ என்று அவர் பார்த்ததை எழுதித் தரக் கேளுங்கள்.

கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவைக் காட்டும் அலாரம் வாங்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒரு சொல். வீட்டு அலாரம் உடனடியாக அடிப்பதில்லை. ஐரோப்பியத் தரப்படி செய்யப்பட்டது என்றால் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு ஒரு மணி நேரத்துக்குமேல் நீடித்தால்தான் ஒலிக்கும். டீசல் புகையில் அந்த வாயு பெட்ரோலைவிடக் குறைவு. நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான் அதில் கேடு. ஆகவே அலாரம் அடிக்கவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று ஆகாது. உங்களுக்குப் பயன்படுவது அந்த நுண்துகளின் அளவை (பி.எம். 2.5) காட்டும் சிறு கருவி. கிளப்புவதற்கு 10 நிமிடம் முன், ஓடும்போது, வண்டி போய் 10 நிமிடம் கழித்து என மூன்று அளவையும் நோட்டில் எழுதுங்கள்.

என்றாவது வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்து, வெளியே போனதும் குறைந்தால் எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ஆக்ஸிஜன் அளவாகவே காட்டும்.

செய்யக் கூடாதவை

கீழே போய் எஞ்சினை அணைக்காதீர்கள், சாவியை எடுக்காதீர்கள். அணைத்தது நியாயம்தான் என்று உங்களுக்குத் தோன்றும். அடுத்த நாள் வண்டியில் எது காணாமல்போனாலும், எந்தக் கீறல் விழுந்தாலும் உங்கள் பெயர்தான் வரும். பிள்ளை உள்ளே ஆபத்தில் இருந்தால் மட்டும் தயங்காமல் கதவைத் திறந்து அவனை வெளியே எடுங்கள், உடனே அவன் அம்மாவைக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடாதீர்கள். ‘கொலை முயற்சி’ போன்ற சொற்களோடு போட்டால் அவதூறு வழக்குக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும்.

எதுவும் நடக்காவிட்டால்

அசோசியேஷனுக்கு 30 நாள் கொடுங்கள். பிறகு வழக்குக்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவர்கள் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மீறினால் நிறைவேற்ற மனுப் போடலாம். மேல்மாடி வீட்டாரோடு தொடர்ந்து வாழ வேண்டிய உங்களுக்கு இதுதான் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

அதற்கும் அவர் வரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடையாணை வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தொல்லையா இல்லையா என்பதைச் சாதாரண உடல்நிலை உள்ள ஒருவரை வைத்தே நீதிமன்றம் பார்க்கும். ‘என் மகளுக்கு வீசிங்’ என்பதை மட்டும் நம்பி வழக்குப் போட்டால், ‘அது அந்தக் குழந்தையின் தனிப்பட்ட நிலை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். நலமாக இருப்பவருக்கும் அந்த அறையில் ஜன்னலைத் திறந்து உட்கார முடியவில்லை என்பதை உங்கள் நோட்டும், கருவி அளவுகளும், பக்கத்து வீட்டாரின் சாட்சியமும் காட்ட வேண்டும். மருத்துவச் சான்று அதற்குத் துணையாக நிற்கட்டும். கேட்கும் நிவாரணமும் குறுகலாக இருக்கட்டும். ‘கார் நிறுத்தக் கூடாது’ என்று கேட்டால் கிடைக்காது, ‘ஆளில்லாமல் எஞ்சின் ஓடக் கூடாது’ என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அதுவரை, 6.15-க்கு அந்த ஒரு ஜன்னலை மூடி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள். மகளையும் மாமனாரையும் அந்த அரைமணி நேரம் தெருப் பக்கத்து அறையில் இருக்கச் சொல்லுங்கள். வண்டி போன 15 நிமிடம் கழித்து ஜன்னலைத் திறக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வீட்டில் இருந்தால் போய்ப் பேசிவிடுங்கள். திங்கட்கிழமைக் காலை நேரத்தை நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.